ஒரே டென்ட்டில் வளர்ப்பும் உலர்த்தலும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை காட்பாடியிலிருந்து வந்த கேள்வி பெரியது. அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்ற கேள்விகளும் ஏறக்குறைய அதையொட்டியே வந்திருக்கின்றன.

அக்கா, காட்பாடியில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மொட்டை மாடியில் தொட்டி வைத்தால் குரங்கு விடுவதில்லை, சித்திரை வைகாசியில் வெயிலும் விடுவதில்லை. அதனால் படுக்கையறை மூலையில் நாலடிக்கு நாலடி, ஆறரை அடி உயரத்தில் செடி வளர்க்கும் துணிக்கூடாரம், அதாவது டென்ட் ஒன்று போட்டு, எல்.இ.டி. விளக்கு வைத்து, புதினா, துளசி, திருநீற்றுப்பச்சிலை, சீனித்துளசி (ஸ்டீவியா) வளர்க்கிறேன். காய்ந்த இலையை மூலிகை டீக்காகத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். புதினாவும் திருநீற்றுப்பச்சிலையும் அறுவடைக்கு வந்துவிட்டன, மற்ற இரண்டுக்கும் இன்னும் மூன்று வாரம் ஆகும். டென்ட்டுக்குள் மேலே கம்பி இருக்கிறது, ஃபேனும் ஓடுகிறது என்று, அறுத்த ஒரு கிலோ புதினாவையும் கொஞ்சம் பச்சிலையையும் கொத்தாகக் கட்டி அங்கேயே தலைகீழாகத் தொங்கவிட்டேன். ஐந்து நாளாகியும் மொறுமொறுப்பு வரவில்லை. வெளி இலை வெளுத்து, கொத்துக்குள்ளே கறுத்து, மக்கிய வாடை வருகிறது. இப்போது கீழே நிற்கும் துளசி இலையிலும் வெள்ளைப் புள்ளி. எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாயை அறைக்குள்ளேயே விட்டிருக்கிறேன், குரங்கு பயத்தில் ஜன்னல் திறப்பதில்லை. ஃபேனை இன்னும் வேகமாக வைத்தால் சரியாகுமா?
வாசகி, காட்பாடி

முதலில், இதைப் படித்ததும் அந்தக் கொத்துகளைக் கீழே இறக்கிவிடுங்கள். மக்கிய வாடை வந்தால் உள்ளே பூசணம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். வெளியே நன்றாகத் தெரியும் இலையை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது, ஆனால் அதை இன்னொருவர் வெந்நீரில் போட்டுக் குடிக்கப் போகிறார். முழுதையும் எடுத்து வெளியே போட்டுவிடுங்கள். டென்ட்டுக்குள் நின்றுகொண்டு உதறாமல், ஒரு பையை மேலே மாட்டி அப்படியே உள்ளே இறக்கி வாயைக் கட்டி எடுத்துப் போங்கள்.

அடுத்தது துளசி. அந்த வெள்ளைப் புள்ளியை விரலால் துடைத்துப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் அது சாம்பல் நோய். துடைத்தும் போகாமல் ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளிகளாக இருந்தால், ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசு நகர்ந்தால் அது சிலந்திப்பேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிலந்திப்பேன் மேல்தான் சந்தேகம் அதிகம். ஏன் என்றால், இது நிறைய பேர் யோசிக்காத விஷயம், அறுத்த செடியில் பேன் இருந்தால் அது இலை காயக் காய அங்கே சாறு இல்லாமல் கிளம்பிவிடும். நூல் விட்டுத் தொங்கி இறங்கும், ஃபேன் காற்றிலும் போகும். கீழேயே பச்சையாகத் துளசி நிற்கும்போது அதற்கு வேறு எங்கே போக வேண்டும்? எந்த நோயாக இருந்தாலும் புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, பேன் என்றால் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நாலு நாளுக்கு ஒரு தடவை மூன்று முறையாவது திரும்பச் செய்யுங்கள். முட்டை பொரிந்து புதிதாக வருவதை அப்போதுதான் பிடிக்க முடியும். டீக்குப் போகிற இலை என்பதால் மருந்து எதுவும் அடிக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃபேனை வேகமாக வைத்தால் சரியாகாது. அது ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், காரணம் புரிந்துவிட்டால் பிறகு எந்த வீட்டில் எந்த மூலையில் காய வைத்தாலும் நீங்களே முடிவு எடுத்துக்கொள்வீர்கள்.

பச்சைப் புதினாவில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ அறுத்தால் காய்ந்து கையில் நிற்பது 150 முதல் 200 கிராம். மீதி 800 கிராமுக்கு மேல் எங்கே போனது? காற்றுக்குத்தான் போக வேண்டும். உங்கள் டென்ட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 3 கன மீட்டர். 28 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியென்றால் உங்கள் டென்ட்டுக் காற்று முழுவதும் சேர்ந்து தாங்குவது 80 கிராம் அளவுதான், அதுவும் ஏற்கெனவே பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். அந்தக் காற்றுக்குள் 800 கிராம் தண்ணீரை விடச் சொல்லி இலையைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். இது போதாதென்று கீழே துளசியும் சீனித்துளசியும் உயிரோடு நிற்கின்றன. செடி வேரில் குடிக்கும் தண்ணீரில் மிகச் சிறு பங்கைத்தான் தன் உடம்புக்கு வைத்துக்கொள்ளும், மற்றதெல்லாம் இலை வழியாக ஆவியாகிவிடும். நீங்கள் தினமும் இரண்டு லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய அந்த இரண்டு லிட்டரும் அதே காற்றுக்குத்தான் வரும்.

சரி, எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே, அது வெளியே தள்ளாதா என்று கேட்பீர்கள். தள்ளும். ஆனால் உங்கள் குழாய் அறைக்குள்ளேயே வாயைத் திறந்து கிடக்கிறது, ஜன்னல் மூடியிருக்கிறது. டென்ட்டிலிருந்து வெளியே வந்த ஈரம் அறையைச் சுற்றிவிட்டு அடி வழியாகத் திரும்ப டென்ட்டுக்குள்ளேயே போகிறது. உங்கள் கடிதத்தில் நான் பிடித்த முக்கியமான தப்பு இதுதான். இது புதினாவுக்கு மட்டும் அல்ல, நீங்கள் படுத்துத் தூங்கும் அறைக்கும் நல்லதில்லை, இன்னும் ஒரு மழைக்காலம் இப்படியே போனால் சுவரில் பூசணம் வரும். ஜன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பலகை அடித்து, குழாய் அளவுக்கு ஓட்டை போட்டு, வெளிப்பக்கம் கம்பி வலை வைத்துவிட்டால் குரங்கும் வராது, ஈரமும் போய்விடும். வாடகை வீட்டில் கண்ணாடியைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டால் காலி செய்யும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இரவில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். விளக்கு எரியும்போது டென்ட்டுக்குள் 30 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று மீட்டர் காட்டும், பரவாயில்லையே என்று நினைப்போம். சூடு குறைந்தால் காற்று தாங்கும் நீராவியின் அளவும் குறையும், அதனால் விளக்கு அணைந்து வெப்பம் 25 டிகிரிக்கு இறங்கினால் அதே காற்று, ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாமலே, 80 சதவீதத்தைத் தொட்டுவிடும். காய்ந்துகொண்டிருக்கும் இலை அந்த நேரத்தில் ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும். பகலில் காய்ந்து இரவில் நனைந்து என்று ஐந்து நாள் போனால் கொத்தின் நடுப்பகுதி ஒருநாளும் காயாது. அங்கேதான் முதலில் கறுக்கும்.

வெளி இலை வெளுத்ததற்குக் காரணம் விளக்கு. வளரும் செடிக்குப் பதினான்கு, பதினாறு மணி நேர வெளிச்சம் வேண்டும், அறுத்த இலைக்கு வெளிச்சமே கூடாது. பச்சையம் வெளிச்சத்தில் சிதையும், வாசனை எண்ணெயும் சீக்கிரம் கெடும். செடிக்கு ஈரக் காற்று பிடிக்கும், இலை காய்வதற்கு 45 முதல் 55 சதவீதத்துக்குள் ஈரப்பதம் வேண்டும். செடியின் மேல் காற்று நன்றாகப் பட்டு ஆடினால் தண்டு உறுதியாகும். காயும் இலையின் மேல் நேராகக் காற்று அடித்தால் மேல்தோல் மட்டும் அப்பளம் மாதிரி ஆகி உள் ஈரம் மாட்டிக்கொள்ளும், ஃபேன் வேகத்தைக் கூட்ட வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். இந்த இரண்டையும் ஒரே டென்ட்டுக்குள் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் அளவில் வைப்போம், அது செடிக்கும் ஒத்துவராது, இலைக்கும் ஒத்துவராது.

எனக்கு இது அனுபவத்தில் வந்த பாடம். சில வருடம் முன்பு ஒரு கார்த்திகை மாதம், வெளியே விடாத மழை, காய வைக்க இடமில்லை என்று நானும் செடி நிற்கும் டென்ட்டிலேயே கற்பூரவள்ளியையும் புதினாவையும் கட்டினேன். கற்பூரவள்ளி இலை எவ்வளவு கனம் என்று உங்களுக்கே தெரியும், கிள்ளினால் சாறு வழியும். அந்த அறுவடை போனது போகட்டும், டென்ட்டில் நின்ற திருநீற்றுப்பச்சிலை எல்லாவற்றிலும் அடிச்சாம்பல் வந்து, இலையின் அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படர்ந்து, பத்து நாளில் ஒரு தொட்டி மிஞ்சவில்லை. மூன்று மாத வேலை. அதிலிருந்து அறுத்த இலையை டென்ட் பக்கமே கொண்டுபோவதில்லை.

இப்போது உங்கள் வீட்டில் என்ன செய்யலாம். பெரிய செலவு தேவையில்லை. ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்த அட்டைப்பெட்டி ஒன்று போதும், கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதைக் குத்தாக நிறுத்தி, அடியில் நாலு பக்கமும் கை நுழையும் அளவு ஓட்டை போட்டுக் கொசுவலைத் துணியை ஒட்டிவிடுங்கள். மேல் மூடியில் பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் சின்ன ஃபேன் ஒன்றை, காற்றை வெளியே இழுக்கிற மாதிரித் திருப்பிப் பொருத்துங்கள். 12 வோல்ட் அடாப்டர் ஒன்று வேண்டும். பெட்டிக்குள் குறுக்காக நாலு நூல் கட்டினால் கொத்து தொங்கவிடலாம். உள்ளே இருட்டு, காற்று அடியிலிருந்து மெதுவாக ஏறி மேலே போகும், இலை ஆடக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. இந்தப் பெட்டியை டென்ட் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். கூடத்தில் வையுங்கள், சமையலறை மட்டும் வேண்டாம், தாளிப்பு வாசனையும் எண்ணெய்ப் பிசுக்கும் இலையில் ஏறிவிடும்.

கொத்து கட்டும்போது பத்துப் பன்னிரண்டு தண்டுக்கு மேல் சேர்க்காதீர்கள், கட்டும் இடம் கட்டை விரல் கனம் இருந்தால் போதும். நூலுக்குப் பதில் ரப்பர் பேண்ட் போடுங்கள், தண்டு காய்ந்து சுருங்கும்போது அதுவும் சேர்ந்து இறுகும், நூல் என்றால் நாலாம் நாள் கொத்து நழுவிக் கீழே கிடக்கும். கொத்துக்கும் கொத்துக்கும் நாலு விரல் இடைவெளி. திருநீற்றுப்பச்சிலை மாதிரி சாறு அதிகமுள்ளதைக் கொத்தாகக் கட்டாமல் இலையை உருவி, சல்லடையிலோ கொசுவலை கட்டிய சட்டத்திலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். கயிற்றுக்கட்டில் இருந்தால் அதன் மேல் மெல்லிய வேட்டியை விரித்துப் பரப்புவது போல ஒரு வசதி வேறு இல்லை, அடியிலும் காற்று போகும். எங்கள் ஆயா வேப்பம்பூவை அப்படித்தான் திண்ணையில் காய வைப்பார். உருவிய இலை மூன்று நாலு நாளில் காயும், கொத்து ஒரு வாரம் பத்து நாள் எடுக்கும்.

இன்னொன்று. புதினாவை ஒரே நாளில் ஒரு கிலோ அறுக்க வேண்டிய அவசியம் என்ன? அது வெட்ட வெட்டத் தழையும் செடி. பூ விடுவதற்கு முன்னால், வாரம் 200 கிராம் என்று மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டு வந்தால் வீட்டுக்குள் விடுகிற தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும், ஒரு சின்னப் பெட்டியே தாங்கும். சீனித்துளசி அப்படி இல்லை, பூக்கும் முன் மொத்தமாக வெட்டுவதுதான் நல்லது, பூத்தால் இலையில் இனிப்பு குறையும். ஆகவே புதினாவைச் சீனித்துளசி வெட்டும் வாரத்தில் தொடாமல் விட்டுவிடுங்கள்.

வேறு இடமே இல்லை, டென்ட்டில்தான் வைத்தாக வேண்டும் என்ற நிலை எப்போதாவது வந்தால், டென்ட்டைக் காலி செய்துவிட்டு வையுங்கள். நிற்கும் தொட்டிகளை ஒரு வாரத்துக்கு ஜன்னலோரம் நகர்த்தி, டென்ட்டின் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்து, விளக்கை அணைத்து, எக்ஸாஸ்ட்டை மெதுவான வேகத்தில் வெளியே விட்டு, அதையே உலர்த்தும் அறையாக்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றால் செடி கொஞ்சம் சோர்ந்து போகும், செத்துப்போகாது.

வற்றல், வடாம், மோர் மிளகாய் எல்லாம் நம் மொட்டை மாடி வெயிலில்தானே காய்கிறது? இலைக்கு மட்டும் ஏன் பெட்டி, ஃபேன் என்று இத்தனை ஏற்பாடு? ஒரே நாளில் வெயிலில் காயப் போட்டால் என்ன?
வாசகர், குடியாத்தம்

ஐயா, குடியாத்தத்து வெயிலில் ஒரு நாள்கூட வேண்டாம், அரை நாளில் காய்ந்துவிடும். அதில் சந்தேகமில்லை. மோர் மிளகாயில் நமக்கு வேண்டியது உப்பும் உறைப்பும், வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை, உப்பு இருப்பதால் கெடுவதும் இல்லை. இலையில் நமக்கு வேண்டியது வாசனை. அந்த எண்ணெய் இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுரப்பிகளில் இருக்கிறது, தொட்டாலே கையில் மணக்கிறதே அதனால்தான். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது வேகமாகப் பறந்துவிடும். கத்திரி வெயிலில் நம் பக்கம் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும், அப்போது சிமெண்ட் தளத்தின் சூடு எவ்வளவு இருக்கும் என்று செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். அப்படிக் காய்ந்த புதினா பார்ப்பதற்கு வைக்கோல், குடிப்பதற்கும் வைக்கோல். சித்த மருந்துக் குறிப்புகளில் இலையைச் சொல்லும்போது "நிழலில் உலர்த்தி" என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். கடைச்சரக்கு வாங்கும்போதும் பச்சை நிறம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பங்குனி முதல் வைகாசி வரை மதிய நேரக் காற்று அவ்வளவு வறண்டிருக்கும், ஃபேன் பெட்டி எதுவும் இல்லாமல் கீழ்த்தளத்து வடக்கு அறையில் வலைக்கட்டிலில் பரப்பினாலே இரண்டு நாளில் காய்ந்துவிடும். மாடி அறையை மட்டும் அந்த மாதங்களில் தவிர்த்துவிடுங்கள், காங்கிரீட் கூரைக்கு அடியில் அடுப்புக்குள் வைத்த மாதிரி இருக்கும்.

நன்றாகக் காய்ந்த துளசி, டப்பாவில் போடுவதற்குள் மறுபடி நமுத்துப் போகிறது. ஐப்பசி கார்த்திகையில் எதுவுமே காய்வதில்லை. என்ன செய்வது?
வாசகி, ராணிப்பேட்டை

நமுத்த பொரி மாதிரிதான் இதுவும். காய்ந்த இலை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், எவ்வளவு காய வைத்தாலும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ற அளவில்தான் வந்து நிற்கும். அதனால் காய்ந்தது என்று தெரிந்த அந்த மணி நேரமே, அதுவும் காலையில் இல்லாமல் மதியம் இரண்டு மூன்று மணிக்கு, காற்று வறண்ட நேரமாகப் பார்த்து டப்பாவில் அடைத்துவிட வேண்டும். காலையில் எடுத்து வைக்கலாம் என்று இரவு முழுக்க விட்டால் பனியும் ஈரமும் வேலையைக் காட்டிவிடும்.

நமக்கு ஆவணி புரட்டாசியில் சாயங்கால இடி மழையும் உண்டு, ஐப்பசியிலிருந்து வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அந்த மாதங்களில் இடத்தை மாற்றுங்கள். வெயில் காலத்தில் வேண்டாம் என்று சொன்ன மாடி அறைதான் இப்போது உதவும். 24 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் மழைக்காலத்துக் காற்று 32 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 50 சதவீதமாக இறங்கிவிடும். அதாவது எட்டு டிகிரி சூடு ஏற்றினாலே காயும் காற்று கிடைத்துவிடுகிறது. மழை விட்டு வெயில் தலைகாட்டும் நாட்களில் மாடி அறை தானாகவே அந்தச் சூட்டுக்கு வரும். ஃப்ரிட்ஜின் பின்பக்கமோ மேல்பக்கமோ வெதுவெதுப்பாக இருக்கும், கொஞ்சம் இலை என்றால் ஒரு முறத்தில் பரப்பி, காற்றோட்டத்தை அடைக்காமல் அதன் பக்கத்தில் வைக்கலாம். அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டுச் சூடாக்கும் யோசனையை யாராவது சொன்னால் செய்யாதீர்கள். காய்ந்த இலை, அட்டை, சூடான பல்பு, மூன்றும் ஓரிடத்தில் இருக்கக்கூடாது.

கொசுவுக்குப் போடும் வேப்பிலைப் புகை, சாம்பிராணி இரண்டையும் காயும் இலைக்கு எட்டாமல் வையுங்கள். அந்த வாசனை பிறகு போகவே போகாது.

மைக்ரோவேவில் வைத்துக் காய வைக்கலாமா?
வாசகர், ஆரணி

ஒரு கைப்பிடி, அன்றைய சமையலுக்கு என்றால் செய்யலாம். இரண்டு காகிதத் துண்டுக்கு நடுவில் இலையைப் பரப்பி, பத்துப் பத்து நொடியாக வைத்து எடுத்துப் பார்த்துச் செய்யுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள், சீக்கிரம் தீய்ந்துவிடும். சேமிப்புக்கும் விற்பனைக்கும் வேண்டாம் தம்பி, ஒரு இலை கருகி ஒரு இலை ஈரமாக இருக்கும்.

ஏசி அறையில் காய வைக்கலாமா? ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபயர் என்று ஒரு மெஷின் விற்கிறார்களே, ஒரு டென்ட்டுக்கு அது தேவையா?
வாசகர், சத்துவாச்சாரி

ஏசி அறை நல்ல இடம். ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்துக் குழாய் வழியாக வெளியே விட்டுவிடுகிறது, 25 டிகிரியில் 50 சதவீத அளவில் அறை நிற்கும், இலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஏசி காற்று நேராகப் படாத மூலையாக, இருட்டாக, ஒரு துணி மறைப்புக்குப் பின்னால் வையுங்கள். ஏசி அணைத்த பிறகு அறையில் ஈரம் ஏறும் என்பதால் தினமும் சில மணி நேரம் மட்டும் போடுகிறவர்களுக்குக் காய ஒன்றிரண்டு நாள் கூடும், அவ்வளவுதான்.

அந்த மெஷின் ஒரு டென்ட் வைத்திருப்பவருக்குத் தேவை இல்லை என்பது என் அபிப்பிராயம். அது ஈரத்தை எடுக்கும்போது சூட்டை அறைக்குள்ளேயே விடும், நமக்கு வருடத்தில் பாதி நாள் சூடுதான் பிரச்சினை. எக்ஸாஸ்ட் குழாயை வெளியே விடுவதை முதலில் செய்யுங்கள்.

இலை முழுசாகக் காய்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? கையில் நொறுங்குகிறது, ஆனால் பாட்டிலில் போட்டு ஒரு வாரத்தில் திறந்தால் கண்ணாடியில் வியர்க்கிறது.
வாசகி, ஆற்காடு

இலையைப் பார்க்காதீர்கள் அம்மா, தண்டைப் பாருங்கள். இலை முதலில் காயும், தண்டின் உள்ளே இருக்கும் ஈரம் கடைசியில்தான் வரும். தண்டை வளைத்தால் "டக்" என்று ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால், நார் தொங்கினால், இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. எடை பார்ப்பது இன்னும் உறுதியான வழி. தொங்கவிடும்போது ஒரு கொத்தை மட்டும் நிறுத்து எழுதிவைத்துக்கொண்டு அதையே தினமும் நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் அந்தக் காற்றில் அதற்கு மேல் காயாது. 500 கிராம் புதினா 80 முதல் 100 கிராமுக்குள் வந்து நிற்க வேண்டும், 130இல் நின்றுவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

பாட்டிலில் வியர்ப்பது தண்டின் ஈரம் இலைக்கு வந்து, அங்கிருந்து காற்றுக்கு வந்ததால். உடனே வெளியே கொட்டிப் பரப்பி, இன்னும் ஒரு நாள் காய வையுங்கள். பூசணம் தெரிந்தால் யோசிக்காமல் போட்டுவிட வேண்டும். அடுத்த முறை தண்டை நீக்கிவிட்டு இலையை மட்டும் பாட்டிலில் முக்கால் அளவுக்குப் போட்டு, முதல் ஒரு வாரம் தினமும் ஒரு தடவை திறந்து, குலுக்கி, மோந்து பாருங்கள். பொத்தான் அளவில் சின்ன ஈரப்பத மீட்டர் கிடைக்கிறது, அதைப் பாட்டிலுக்குள் போட்டால் 60 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். 65ஐத் தாண்டினால் திரும்பக் காய வையுங்கள்.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதாக இருந்தால் உணவுக்கென்று விற்கும் வெள்ளை நிறப் பொட்டலத்தை வாங்குங்கள். நீல நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் மணிகளில் கோபால்ட் உப்பு சேர்ந்திருக்கும், அது உணவோடு சேரக்கூடாது. பாட்டிலை இருட்டான அலமாரியில் வைத்தால் ஒரு வருடம் வரை வாசனை நிற்கும். பொடியாக்கி வைக்காமல் முழு இலையாகவே வைத்து, வேண்டும்போது கசக்கிக்கொள்ளுங்கள்.

முள்ளு கத்தரியின் விதையை வீட்டிலேயே எடுத்துக் காய வைக்கிறேன். அதற்கும் இதே முறைதானா? நாற்று விடும் டென்ட்டுக்குள் விதையைக் காய வைக்கலாமா?
வாசகர், அணைக்கட்டு

இலவம்பாடிப் பக்கத்து முள்ளு கத்தரியாக இருந்தால் ரொம்ப சந்தோஷம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த ரகம் அது, விதையை நம் கழனிக்காரர்களே எடுத்து வைத்துக் காப்பாற்றி வந்ததால்தான் இன்றைக்கும் இருக்கிறது. ஆகவே உங்கள் கேள்வியை அலட்சியமாக எடுத்துக்கொள்ள மனமில்லை.

நாற்று டென்ட்டுக்குள் வேண்டாம். அங்கே நாற்றுக்காக நீங்களே ஈரத்தை ஏற்றி வைத்திருப்பீர்கள், கழுவிய விதை அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் காய்வதற்குப் பதில் முளைவிடப் பார்க்கும். செடியிலேயே மஞ்சளாகப் பழுத்த காயை எடுத்து, சதையைப் பிசைந்து தண்ணீரில் கழுவி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் எடுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், பீங்கான் தட்டிலோ நைலான் வலையிலோ பரப்பி, நிழலில், முதல் நாள் நாலைந்து தடவை கிளறிவிடுங்கள். வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கட்டும். இலைக்கு இருட்டு முக்கியம் என்றேனே, விதைக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை, காலை இளவெயில் ஒரு மணி நேரம் பட்டாலும் தப்பில்லை, உச்சி வெயில் மட்டும் கூடாது. ஒரு வாரம் பத்து நாள் காயட்டும்.

விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன கணக்கு ஒன்று உண்டு, விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதனால் காய்ந்ததுபோல் தெரிந்த பிறகும் இன்னும் இரண்டு நாள் விடுவது வீண்போகாது. நகத்தால் அழுத்தினால் பதியாமல், கடித்தால் உடைய வேண்டும். பிறகு காகித உறையில் போட்டு, மூடி இறுகும் கண்ணாடி பாட்டிலுக்குள் அந்த உறையை வைத்து, மேலே ரகமும் எடுத்த மாதமும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கிறீர்கள் என்றால் வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், இல்லையென்றால் குளிர்ந்த விதையின் மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும். சந்தேகம் இருந்தால் விதைப்பதற்குப் பத்து நாள் முன்பு இருபது விதையை ஈரத் துணியில் மடித்து வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முளைப்பு குறைவாக இருந்தால் விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மீதி விதையையும் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள், கையில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள்.